கடைசிப் பாட்டின் இரண்டாம் சரணம்

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் உன் மகளும் நலமாக இருப்பீர்கள். ஒன்பது வருடம் கழித்து எழுதுகிறவள் இதைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது என்பதற்காகக் கேட்கிறேன். பதில் வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு ஒன்றுதான்.

போன் செய்து பார்த்தேன். உன் மகள்தான் எடுத்தாள். “அம்மா வர மாட்டேங்குறாங்க சித்தி, எதுன்னாலும் எழுதச் சொல்றாங்க” என்றாள். மகாராணியிடம் மனு கொடுப்பது மாதிரி எழுதுகிறேன்.

‘கண்ணாடித் தோணி’ முதன்முதலில் மேடையேறி வரும் ஜூனில் நாற்பது வருடம் ஆகிறது. அந்த இசை நாடகத்தில் முதல் நாள் நடித்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர்களை ஒரு மாலை கூட்டி உட்காரவைத்து, பிறகு ஒரு நினைவு மலரும் போடப் போகிறார்கள். இது உனக்குத் தெரியும், முதல் ஆளாகக் கட்டுரை அனுப்பியவளே நீதான். அந்த மலர் அச்சாவது நான் பிழைதிருத்தும் அச்சகத்தில் என்பதுதான் உனக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலை உன் கையெழுத்து என் மேஜைக்கு வந்தது. எதிரே வைத்த டீயைக் குடிக்க மறந்துபோனேன்.

நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், அதையும் சொல்லிவிடுகிறேன். ராஜா வேஷக்காரர் சிம்மாசனத்தில் தும்மியதும் கிரீடம் உருண்டு போய் வயலின்காரர் மடியில் விழுந்தது, அவர் வாசிப்பை நிறுத்தாமலே தோளால் அதைத் தள்ளிவிட்டது எல்லாம் படித்து நானும் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரர் என்னவென்று கேட்டார். பிறகு நாலாம் பக்கம் வந்தது.

“இருநூற்றுப் பன்னிரண்டாம் ஆட்டத்தில், கடைசிப் பாட்டின் இரண்டாம் சரணத்தில், எனக்கு எடுத்துக் கொடுக்க வேண்டிய என் தங்கை வரியை விழுங்கிவிட்டாள். அதன் பிறகு நான் மேடை ஏறவே இல்லை.”

இந்த இரண்டு வாக்கியத்தை எடுத்துவிடு அக்கா. முப்பத்தெட்டு வருடமாக இதை வாயால் சொல்லிக்கொண்டிருந்தாய். அந்தக் கூட்டத்தில் எனக்கு ‘வரிமுழுங்கி’ என்றே பெயர் வைத்தாகிவிட்டது. என் கல்யாணத்தில்கூட ராஜா வேஷக்காரர், “வரிமுழுங்கிக்கும் மாப்ள கெடச்சாச்சு” என்றார், மாப்பிள்ளை வீட்டார் அர்த்தம் கேட்டார்கள். இனி அச்சிலும் ஏறினால் என் பேரப்பிள்ளைகளும் படிப்பார்கள். பிழைதிருத்துகிறவள் எழுத்துப் பிழையைத்தான் தொடலாம், எழுதினவள் சொல்லாமல் ஒரு வாக்கியத்தை வெட்ட முடியாது. அதனால்தான் கேட்கிறேன்.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

தங்கை

*

பிப்ரவரி 21

தங்கைக்கு,

முழங்கால் வலிக்கிறது. கண் நன்றாகத் தெரிகிறது. பசி எடுக்கிறது. உன் நலம் நான் கேட்கவில்லை, நீயே முதல் வரியில் எழுதிவிட்டாய்.

வாக்கியம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

நடந்ததைத்தான் எழுதினேன். உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். நம் வாத்தியாருக்கு ஒரு பைத்தியம் உண்டு. நாடகம் முழுவதும் ஒரே மாதிரி இருக்கும், கடைசிப் பாட்டின் இரண்டாம் சரணத்தை மட்டும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாக எழுதுவார். மத்தியானம் எழுதி உன் நோட்டில் ஒட்டிவிட்டு, முன் வரிசையில் போய் ஜனங்களோடு உட்கார்ந்துகொள்வார். ‘கரையே, கொஞ்சம் நகர்ந்து வா’ என்று நான் தோணிக்காரன் மகளாக நின்று முதல் சரணத்தை முடிக்கும்போது, அடுத்தது என்னவென்று எனக்கும் தெரியாது, கேட்க வந்தவர்களுக்கும் தெரியாது. அதைக் கேட்கத்தானே ஒரே ஆள் இருபது தடவை வந்தான். நீ பக்கத் திரைக்குள் முக்காலியில் உட்கார்ந்து வரி வரியாக எடுத்துக் கொடுப்பாய், நான் பாடுவேன். இருநூற்றுப் பதினோரு ஆட்டம் அப்படித்தான் நடந்தது.

கடைசி ஆட்டத்தில் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ நோட்டுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தாய். ஆர்மோனியக்காரர் அந்த இடத்தை நாலு தடவை சுற்றிச் சுற்றி வாசித்தார். பின் வரிசையில் ஒருவன் விசில் அடித்தான். வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். திரைக்காரர் என் மேல் இரக்கப்பட்டுத் திரையை இறக்கினார். இருபத்தேழு வயதில் என் வாழ்க்கை அந்தத் திரையோடு இறங்கியது. அன்றிலிருந்து நான் மற்றவர்கள் வீட்டு ஜன்னலுக்குத் திரை தைத்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு ஒரு பட்டப்பெயரோடு போயிற்று.

தையல் கூடத்தில் எட்டு மிஷின் ஓடுகிறது. இங்கே யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை, அதனால் நிம்மதியாக இருக்கிறேன். போன் செய்யாதே.

அக்கா

*

மார்ச் 4

அக்காவுக்கு,

உனக்குப் பசி எடுப்பது பற்றி மகிழ்ச்சி. எனக்கு உன் கடிதம் வந்த நாளிலிருந்து எடுக்கவில்லை.

நான் எடுத்துக் கொடுத்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. ‘போனவர் வழியில் விளக்கில்லை’ என்பதுதான் அந்த வரி, இன்று எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதை அன்றைக்கே சொன்னேன், யார் கேட்டீர்கள். நாயகி பொய் சொல்வாளா, முக்காலியில் உட்காருகிறவள்தானே சொல்வாள்.

நீ உன் வாழ்க்கை இறங்கியதை எழுதினாய். என் வாழ்க்கை ஏறவே இல்லை, அதை யார் எழுதுவது. எனக்கும் பாட வரும் என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதா. அறுபதாம் ஆட்டத்தன்று தோழி வேஷக்காரிக்குக் காய்ச்சல். வாத்தியார் என்னைக் காட்டி, “இவளுக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே, ஏத்திவிடுவோம்” என்றார். ஒப்பனைக்காரர் என் கன்னத்தில் பவுடர்கூடப் போட்டுவிட்டார். நீ வந்தாய். “அவ மேடை ஏறினா நான் ஏற மாட்டேன். எடுத்துக் குடுக்க அவதான் வேணும்” என்றாய். வேறு யாராவது எடுத்துக் கொடுக்கட்டும் என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். நீ அசையவில்லை. என் பவுடரை நானே துடைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டாயா. என் முக்காலிக்கு மேலே ஒரு பல்பு தொங்கவிடச் சொன்னாய். தினமும் எனக்கு நீயே உதட்டுச் சாயம் பூசிவிட்டாய். திரைக்குள் உட்காருகிறவளுக்கு எதற்குச் சாயம் என்று கூட்டமே சிரித்தது. “தல குனியாத, என்னப் பாத்துச் சொல்லு” என்று அதட்டுவாய். மேடை ஏறாதவளுக்கு வேஷம் கட்டிவிட்டு வேடிக்கை பார்க்கிறாய் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான்.

கடைசி ஆட்டத்தன்று மத்தியானம் ஒப்பனை அறையில் நீ வாத்தியாரிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. அதை எழுத மாட்டேன்.

இப்போது ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அன்று மைக் செட்காரர் என் முக்காலிக்குக் கீழே டேப் மெஷினை வைத்து நாடகம் முழுவதையும் பதிவு செய்தார். நான் எடுத்துக் கொடுத்த ஒவ்வொரு வார்த்தையும் அதில் இருக்கிறது. டேப் என்னிடம்தான் இருக்கிறது. நேற்றுத் தோழி வேஷக்காரியிடம் கொடுத்துவிட்டேன். ஜூன் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் போடப் போகிறார்கள். வரியை விழுங்கியது யார் என்று அன்றைக்குத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அந்த மாலைக்கு நீ தெம்பாக இருக்க வேண்டும்.

தங்கை

*

மார்ச் 19

தங்கைக்கு,

தெம்பாகத்தான் இருக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த டேப் உன்னிடம் எப்போது வந்தது? அன்றைக்கே வந்திருந்தால், முப்பத்தெட்டு வருடம் அதை எதற்காகப் பூட்டி வைத்திருந்தாய்?

அக்கா

*

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நலம். உன் மகளுக்கு வேலை உயர்வு கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன், சித்தி சந்தோஷப்பட்டாள் என்று சொல்.

நாடகம் நின்ற வாரமே மைக் செட்காரர் கொண்டுவந்து கொடுத்தார். “வச்சுக்கோம்மா, என்னைக்காவது உனக்கு ஒதவும்” என்றார். கம்பளித் துணிகளுக்கு அடியில் வைத்தேன். அதைப் போட்டுக் கேட்க நம்மிடம் மெஷின் இல்லை. பிறகு கல்யாணம், குழந்தைகள், வீடு மாறினோம். அம்மா இருந்தவரை இதைக் கிளற வேண்டாம் என்று நினைத்தேன். இரண்டு பெண்களில் ஒருத்தி பொய்க்காரி என்று அம்மா தெரிந்துகொள்ள வேண்டுமா. வேறொன்றும் காரணம் இல்லை.

இங்கே மழை விடாமல் பெய்கிறது. அச்சகத்தில் தாள் எல்லாம் நமத்துப்போய் எழுத்து கலங்குகிறது.

தங்கை

*

மே 6

தங்கைக்கு,

பதில் ஏன் தாமதம் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். உன் கடிதத்தைத் தையல் மேஜையில் வைத்து ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். தைத்த துணியைத் திருப்பிப் பார்த்தால் எந்த இடத்தில் கை நடுங்கியது என்று எனக்குத் தெரிந்துவிடும். உன் கடிதத்தில் மழை வந்த இடத்தில் நடுங்கியிருக்கிறது.

அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது. அந்த ஒன்பது வருடம் யாருக்காகப் பூட்டி வைத்தாய்? உன் பக்கம் நியாயம் இருந்திருந்தால் நீ பூட்டி வைக்கிற ஆளா. அம்மாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியைச் சுற்றி ஆளுக்கொரு பக்கம் நின்று ஒரு வார்த்தை பேசாமல் போனோமே, அன்றைக்கே என் முகத்தில் எறிந்திருப்பாய். உனக்குப் பொறுமை கிடையாது.

டேப்பில் அந்த வரி இருக்காது, அது உனக்குத் தெரியும். கோபத்தில் வாய்ச்சவடால் விட்டுவிட்டு இப்போது முழிக்கிறாய். ஆனாலும் சொல்கிறேன். அந்த வரி அதில் இருந்தால் நானே மேடை ஏறி எல்லோர் முன்னாலும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இல்லாவிட்டால் நீ ஏறு.

முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறேன். படி ஏற முடியும்.

அக்கா

*

மே 11

அக்காவுக்கு,

நலம்தானே.

நான் யோசித்துப் பார்த்தேன். டேப் வேண்டாம். தோழி வேஷக்காரியிடம் திருப்பிக் கேட்டிருக்கிறேன். நாற்பது வருடம் கழித்து வயதானவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சிரித்துப் பேசுகிற நாளில் இது எதற்கு. உன் கட்டுரையில் அந்த இரண்டு வாக்கியமும் இருந்துவிட்டுப் போகட்டும். எனக்குப் பழகிவிட்ட பெயர்தான்.

நீ போ. நன்றாகப் பாடுவார்கள். எனக்கு அன்றைக்கு வேலை இருக்கிறது.

தங்கை

*

மே 20

தங்கைக்கு,

என்ன, அதற்குள் காற்று இறங்கிவிட்டதா?

தோழி வேஷக்காரி எனக்கும் எழுதியிருக்கிறாள். டேப்பைத் துடைத்துச் சரிசெய்து நாலு பிரதி எடுத்துவிட்டார்களாம். கடைசிப் பாட்டுதான் அன்று மாலை கடைசி நிகழ்ச்சியாம். அவள் இன்னும் கேட்கவில்லை, எல்லோரோடும் சேர்ந்துதான் கேட்பாளாம். நீ திருப்பிக் கேட்டதற்கு, “அவளுக்குக் கூச்சம் போல” என்று எழுதியிருக்கிறாள். நல்லவள். அவளுக்கு உன்னைத் தெரியாது.

நான் போகிறேன். முன் வரிசையில் உட்காருவேன். பயந்து ஓடுகிறவள் யார் என்று எல்லோரும் பார்க்கட்டும்.

அக்கா

*

ஜூன் 22

தங்கைக்கு,

உனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினாயாம். குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

அதே கொட்டகை. நாற்காலி மட்டும் புதிது. ராஜா வேஷக்காரர் கைத்தடியோடு வந்தார், யாரோ அட்டையில் செய்த கிரீடத்தைக் கொடுத்ததும் வேண்டுமென்றே ஒரு தும்மல் போட்டுக் காட்டினார். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தோழி வேஷக்காரி இடுப்பு பெருத்துப் பீப்பாய் மாதிரி இருக்கிறாள், ஆனால் கையை நீட்டியதும் அந்தப் பழைய தோழி வந்து நின்றாள். ஆர்மோனியக்காரர் இல்லை. அவர் நாற்காலியில் அவர் பெட்டியை வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. வாத்தியார் செத்துப்போனபோதுகூட எனக்கு வரவில்லை. எனக்கே சங்கடமாக இருந்தது, அந்த மனிதர்களை நான் இவ்வளவு விரும்பியிருக்கிறேன் என்று.

கடைசியில் விளக்கை அணைத்து டேப்பைப் போட்டார்கள். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சித்தியின் குரல் வந்தால் என் உள்ளங்கையில் தட்டச் சொல்லியிருந்தேன். எனக்கு மனப்பாடமான முதல் சரணத்துக்கும் நீ வழக்கம்போல எடுத்துக் கொடுத்திருக்கிறாய், அது முழுவதும் தட்டிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு தட்டு. பிறகு நிறுத்தினாள். இதோ, இங்கேதான் இல்லை என்று நினைத்தேன். மூச்சு விட்டேன். அப்போது தட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டினாள். மூன்றாவதாகவும் தட்டினாள்.

விளக்கைப் போட்டதும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். ராஜா வேஷக்காரர் எழுந்து, “அந்தப் புள்ளய எத்தன வருஷமா கேலி பண்ணிட்டோம்” என்றாராம். சொன்ன வார்த்தை தவறக் கூடாது என்று நான் படி ஏறினேன். “என் தங்கச்சி எடுத்துக் குடுத்தா. எனக்குத்தான் கேக்கல. அவகிட்ட மன்னிப்புக் கேக்குறேன்” என்றேன். கை தட்டினார்கள். பதற்றத்தில் கேட்காமல் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். நல்ல பெயரோடு இறங்கினேன், நீயும் நல்ல பெயரோடு வீட்டில் இருந்தாய்.

இப்போது அவர்களிடம் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன்.

மகள் எதற்குக் கையில் தட்டினாள் என்று யோசித்திருப்பாய். எனக்குக் காது கேட்காது. வயதானதால் என்று இங்கே எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. நாடகம் ஆரம்பித்த இரண்டாம் மாதம் எனக்கு ஒரு விஷக்காய்ச்சல் வந்ததே, அதோடு பாதி போயிற்று. ஆர்மோனியம் கேட்கும், தாளம் காலடிப் பலகையில் அதிரும், எதிரே நின்று கத்துகிறவர்கள் குரல் கேட்கும். ரகசியக் குரல் கேட்கவே கேட்காது. வெளியே சொன்னால் அன்றைக்கே இறக்கிவிடுவார்கள். அதனால் உன் உதட்டைப் படித்தேன். சின்ன வயதிலிருந்து பார்த்த வாய், எனக்கு அச்செழுத்து மாதிரி. வேறு யார் எடுத்துக் கொடுத்தாலும் என்னால் படிக்க முடியாது. பல்பும் சாயமும் அதற்காக. அறுபதாம் ஆட்டத்தில் உன்னைத் தடுத்ததும் அதற்காக. உன்னிடம்கூடச் சொல்லவில்லை. உன்னிடம் கெஞ்சுவதைவிட உன்னை அதட்டுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

முப்பத்தெட்டு வருடமாக நீ வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று நினைத்திருந்தேன். இல்லை. நோட்டுக்குப் பின்னால் பேசிக்கொண்டிருந்திருக்கிறாய்.

நோட்டை நீ எப்போதும் மடியில்தான் வைத்திருப்பாய். நான் அப்படிப் பழக்கியிருந்தேன். இருநூற்றுப் பதினோரு ஆட்டத்தில் ஒரு தடவைகூட அது உன் முகத்துக்கு வந்ததில்லை. அன்றைக்கு மட்டும் ஏன் வந்தது?

எனக்குக் காது கேட்காது என்று உனக்குத் தெரிந்திருந்ததா? தெரியாது என்று எழுதினால் நம்பிவிடுகிறேன். அந்த இரண்டு வாக்கியத்தையும் உன் கையாலேயே வெட்டிவிடு. நான் சம்மதித்ததற்கு இந்தக் கடிதமே அத்தாட்சி.

அக்கா

*

ஆகஸ்ட் 14

தங்கைக்கு,

எட்டு வாரம் ஆகப் போகிறது. தபால்காரரைப் பார்த்துப் பார்த்து என் கழுத்து வலிக்கிறது.

மலர் அச்சுக்குப் போகிறதாம். வெட்டிவிட்டாயா இல்லையா என்று அதையாவது எழுது. மற்றதை எழுத உனக்கு மனம் இல்லாவிட்டால் விடு.

அக்கா

*

செப்டம்பர் 9

அக்காவுக்கு,

காய்ச்சல் இல்லை, வரவும் இல்லை. உன் கழுத்து வலி குறைந்திருக்கட்டும்.

ஜூன் கூட்டத்துக்குப் பிறகு ராஜா வேஷக்காரர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மூன்று மாடிப் படியையும் ஏறி என் வீட்டுக்கு வந்தார். “மன்னிச்சிரும்மா” என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தோழி வேஷக்காரி அரை மணி நேரம் போனில் அழுதாள். இத்தனை வருடம் நான் எதற்காக ஏங்கினேனோ அது எல்லாம் ஒரே வாரத்தில் வீடு தேடி வந்தது. அவர் போனதும் குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

நீ கேட்டதற்குப் பதில். தெரிந்திருந்தது.

மூன்றாம் மாதம் ஒப்பனை அறையில் உன் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் ஜாடியைத் தவறவிட்டேன். சுக்குநூறாக உடைந்தது, அடுத்த அறையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். நீ புருவம் தீட்டிக்கொண்டே இருந்தாய். அப்போதே புரிந்துகொண்டேன். பல்பு எதற்கு, சாயம் எதற்கு என்று அன்று முதல் தெரியும். போன மார்ச்சில் நீ வேடிக்கை பார்த்ததாக நான் எழுதியது பொய். நீயாக வந்து ஒரு வார்த்தை சொல்வாய் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் ஆயுள் முழுக்க அந்த முக்காலியில் உட்கார்ந்திருப்பேன், அப்படித்தான் உன்மேல் பைத்தியமாக இருந்தேன். நீ சாயம் பூசிவிட்டு அதட்டினாய்.

கடைசி நாள் மத்தியானம் வாத்தியார் தன் அடுத்த நாடகத்துக்கு என்னை நாயகியாகப் போடலாமா என்று உன்னிடம் கேட்டார். “அவளா? அவ எடுத்துக் குடுக்கத்தான் லாயக்கு” என்றாய். நான் கதவுக்குப் பின்னால் நோட்டோடு நின்றுகொண்டிருந்தேன். கேட்காத உனக்கு, மற்றவர்களுக்குக் கேட்கும் என்பது ஞாபகம் இல்லை.

அதனால் நோட்டைத் தூக்கினேன். வரியைச் சொல்லாமல் விட்டால் என்மேல் பழி வரும். அதனால் மைக் செட்காரருக்கும் திரைக்காரருக்கும் கேட்கிற மாதிரித் தெளிவாகச் சொன்னேன். முதல் தடவை சொல்லும்போது சந்தோஷமாக இருந்தது. இரண்டாவது தடவை பயமாக இருந்தது. மூன்றாவது தடவை நோட்டை இறக்கிவிட்டு, உன்னைப் பார்த்து, பல்புக்குக் கீழே முகத்தை நீட்டிச் சொன்னேன். அதற்குள் நீ கண்ணை மூடிக்கொண்டுவிட்டாய்.

டேப்பில் இது எதுவும் தெரியாது. அதனால்தான் பூட்டி வைத்தேன். அதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் என்னை நல்லவள் என்று சொல்வார்கள், உனக்கு மட்டும் அது வேறு மாதிரி இருக்கும் என்று தெரியும். உன் கட்டுரையைப் படித்த கோபத்தில் புத்தி கெட்டு வெளியே எடுத்தேன்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நீயும் அறுபதாம் ஆட்டத்துக்கு இன்றுவரை கேட்கவில்லை, காரணம்தான் சொல்லியிருக்கிறாய்.

மலர் நேற்று அச்சுக்குப் போயிற்று. உன் கட்டுரையை மூன்று தடவை படித்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு கால்புள்ளி விட்டுப்போயிருந்தது, போட்டுவிட்டேன். நீ வெட்டச் சொன்ன நாலாம் பக்க வாக்கியங்களையும் பார்த்தேன். அவற்றில் பிழை இல்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

முழங்காலுக்கு எண்ணெய் தடவுவதை நிறுத்தாதே.

தங்கை